தொலைகாட்டி வாங்க முன்னர்: டிக்கோயாவில் இருந்து சில குறிப்புகள்

"எந்தத் தொலைகாட்டியை வாங்கலாம்?"

கடந்த சில வருடங்களாக என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கிளிநொச்சியில் உள்ள விஞ்ஞான ஆசிரியை ஒருவர் கேட்டார். லண்டனில் வசிக்கும் ஒருவர், தான் படித்த முல்லைத்தீவுப் பாடசாலைக்கு ஒன்று வாங்கிக்கொடுக்க விரும்பிக் கேட்டார். எங்கள் தோட்டத்து இளைஞர்கள் காசு சேர்த்துவிட்டு வந்து கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னவற்றை இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

நான் வானியல் அறிஞன் அல்ல. டிக்கோயாவில் தோட்டப் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். ஆனால், பிழையான தொலைகாட்டியை வாங்கி அதன் விலையைக் கொடுத்தவன். நான் சொல்வது காசை மட்டும் அல்ல.

2013 ஜனவரியில் கொழும்பில் கடையொன்றில் ஒரு தொலைகாட்டி வாங்கினேன். பெட்டியில் சனிக் கிரகத்தின் வண்ணப்படம். அதன் கீழே பெரிய எழுத்தில் "525 மடங்கு". பொங்கல் முடிந்த வாரம், வானம் துடைத்துவிட்டது போல இருந்த ஓர் இரவில், கோயில் முற்றத்தில் அதை வைத்தேன். வியாழன் உச்சிக்கு அருகில் நின்றது. பிள்ளைகள் நாற்பது பேர் அளவில் வரிசையில் நின்றார்கள். காற்று கொஞ்சம் வீசினாலே குழாய் ஆடியது. வில்லைக்குள் தெரிந்தது நடுங்கும் ஒரு வெள்ளைப் புகை. ஒவ்வொரு பிள்ளையும் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "தெரியுது சேர்" என்று சொல்லிவிட்டுப் போனது. எனக்கே ஒன்றும் தெரியவில்லை. தரம் 7 பிள்ளை ஒருத்தி மட்டும் கடைசியில் வந்து, "சேர், என் கண்ணுல ஏதும் பிழையா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மோசமான தொலைகாட்டியின் உண்மையான கெடுதி இதுதான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை, பொருள் பழுது என்று சொல்லிவிடும். நம் பிள்ளைகள் பழுது தங்களிடம் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். அந்த நினைப்போடு வீட்டுக்குப் போன பிள்ளையை மறுபடியும் வானத்தின் பக்கம் திருப்புவது இலேசான வேலை இல்லை.

525 என்ற கணக்கு

தொலைகாட்டியின் உருப்பெருக்கத்தைக் கணிப்பது சுலபம். முன்வில்லையின் குவியத்தூரத்தைப் பார்வைத்துண்டின் குவியத்தூரத்தால் பிரித்தால் போதும். நான் வாங்கியதன் குவியத்தூரம் 700 மில்லிமீற்றர். அதோடு வந்த மிகச் சிறிய பார்வைத்துண்டு 4 மில்லிமீற்றர். 700ஐ 4ஆல் பிரித்தால் 175. இடையில் செருகுவதற்கு, உருப்பெருக்கத்தை மூன்று மடங்காக்கும் ஒரு வில்லையும் தந்திருந்தார்கள். 175 தர 3, அதாவது 525. கணக்கில் பொய் இல்லை. ஆனால், அந்த உருப்பெருக்கத்தால் பயனும் இல்லை.

காரணம், அதன் முன்வில்லையின் விட்டம் வெறும் 60 மில்லிமீற்றர். ஒரு தொலைகாட்டி தாங்கக்கூடிய உச்ச உருப்பெருக்கம், அதன் விட்டத்தின் மில்லிமீற்றர் அளவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. 60 மில்லிமீற்றருக்கு 120. அதற்கு மேலே போனால் படம் பெரிதாகும். ஆனால் மங்கும், கலங்கும். சின்னப் புகைப்படத்தைச் சுவர் அளவுக்குப் பெருப்பித்தாற்போல. 1610 ஜனவரியில் கலிலியோ வியாழனின் நான்கு சந்திரன்களைக் கண்டபோது அவருடைய கருவி ஏறத்தாழ 20 மடங்குதான் பெருப்பித்தது.

ஆகவே முதலாவது விதி: பெட்டியில் உருப்பெருக்கத்தைப் பெரிதாக அச்சிட்டு விற்கும் தொலைகாட்டியை வாங்க வேண்டாம்.

பார்க்கவேண்டியது விட்டத்தை

தொலைகாட்டியின் முக்கியமான வேலை ஒளியைச் சேர்ப்பது. மழைத்தண்ணீர் பிடிக்க வைக்கும் பாத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாய் அகலமான பாத்திரத்தில் அதிகம் சேரும். இருட்டுக்குப் பழகிய இளம் கண்ணின் மணி ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் அகலம் விரியும். 70 மில்லிமீற்றர் வில்லை அதைவிட 100 மடங்கு ஒளியைச் சேர்க்கும். 150 மில்லிமீற்றர் ஆடி 450 மடங்குக்கும் சற்று அதிகமாகச் சேர்க்கும். நுணுக்கங்களைப் பிரித்துக் காட்டும் திறனும் விட்டத்தோடு கூடும்.

இரண்டாவது, தாங்கி. குழாயைப் பற்றி விசாரிப்பவர்கள் அது நிற்கும் காலைப் பற்றி விசாரிப்பதில்லை. 100 மடங்கு பெருப்பிக்கும் தொலைகாட்டி, தன் நடுக்கத்தையும் 100 மடங்கு பெருப்பிக்கும். கடையில் பார்க்கக் கிடைத்தால் குழாயை விரலால் ஒருமுறை தட்டிப் பாருங்கள். ஆட்டம் இரண்டு மூன்று விநாடிகளில் அடங்கவேண்டும். அடங்காவிட்டால், மலைக்காற்றில் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் பார்க்கமுடியாது.

பைனாகுலர்

கையில் இருக்கும் காசு கொஞ்சம் என்றால், நல்ல பைனாகுலர் ஒன்றை வாங்குங்கள். இதை நான் ஆறுதலுக்குச் சொல்லவில்லை. 10×50 அல்லது 7×50 என்று எழுதியிருக்கும். முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது முன்வில்லையின் விட்டம். சுவரிலோ மரத்திலோ சாய்ந்து, கை ஆடாமல் பிடித்தால் 10×50இல் சந்திரனின் பள்ளங்கள் தெரியும், வியாழனின் சந்திரன்கள் புள்ளிகளாகத் தெரியும். வெறும் கண்ணுக்கு ஆறு ஏழு நட்சத்திரங்களாகத் தெரியும் கார்த்திகைக் கூட்டம் பல பத்து நட்சத்திரங்களாக விரியும். சனியின் வளையம் மட்டும் தெரியாது; அதற்குக் குறைந்தது 25, 30 மடங்கு வேண்டும்.

பைனாகுலர் பழுதாவது குறைவு. பொருத்துவதற்கு எதுவும் இல்லை. வானியலில் ஆசை குறைந்துபோனாலும் குருவி பார்க்க உதவும். ஒரு வருடம் பைனாகுலரோடு வானத்தைப் பழகியவர் பிறகு வாங்கும் தொலைகாட்டியை வீணாக்கமாட்டார்.

வில்லைத் தொலைகாட்டி

நீண்ட குழாயின் முன்னால் வில்லை, பின்னால் பார்வைத்துண்டு. பாடப்புத்தகத்தில் நாம் வரைந்த வானியல் தொலைகாட்டி இதுதான். 70 முதல் 90 மில்லிமீற்றர் வரை விட்டமுள்ளவை தொடக்கத்துக்கு ஏற்றவை. குழாய் மூடியிருப்பதால் தூசியும் ஈரமும் உள்ளே போவது குறைவு. ஆடியை நேர்செய்யும் வேலை இல்லை. பின்பக்கம் ஒளியை வளைக்கும் சிறு துண்டைப் பொருத்தினால் கதிரையில் இருந்தபடியே பார்க்கலாம். பகலில் எதிர்மலையையும் பார்க்கலாம்.

குறையும் உண்டு. விலை குறைந்தவற்றில் சந்திரனின் விளிம்பிலும் பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றியும் ஊதா நிறம் கசியும். வெவ்வேறு நிற ஒளியை ஒரே இடத்தில் குவிக்க வில்லையால் முடியாததே காரணம். குவியத்தூரம் விட்டத்தைப் போல பத்து மடங்கு அளவில் இருந்தால் இந்தக் கசிவு குறையும். மேலும், 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வில்லையின் விலை கடுமையாக ஏறும்.

ஆடித் தொலைகாட்டி: நமக்குள்ள சிக்கல்

அதே காசுக்குப் பெரிய விட்டம் வேண்டுமானால் குழிவாடி கொண்ட நியூற்றன் வகைக்குத்தான் போகவேண்டும். கடைகளில் 114, 130 மில்லிமீற்றர் ஆடித் தொலைகாட்டிகள் சாய்ந்த அச்சும் எதிர்ப்பாரமும் கொண்ட தாங்கியோடு விற்கப்படுகின்றன. படத்தில் பார்க்க மிக விஞ்ஞானபூர்வமாக இருக்கும். நம் நாட்டுக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

அந்தத் தாங்கியின் அச்சு, பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாகத் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். அந்தச் சாய்வு, நாம் நிற்கும் இடத்தின் அகலாங்குக்குச் சமம். லண்டனில் 51 பாகை. டிக்கோயாவில் 7 பாகைக்குக் கொஞ்சம் குறைவு. யாழ்ப்பாணத்தில் 10 பாகையை எட்டாது. ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் மனதில் வைத்துச் செய்த சிறிய தாங்கிகளில் பலவற்றை இவ்வளவு கீழே இறக்க முடியாது. இறக்கினாலும் எதிர்ப்பாரம் முக்காலியின் காலில் முட்டும். எங்கள் பக்கத்தில் துருவ நட்சத்திரம் பெரும்பாலும் மலைக்குப் பின்னால்தான் இருக்கும். பார்த்து நேர்செய்யவும் வழி இல்லை. வெளிநாட்டில் இருந்து வாங்கி அனுப்பும் உறவினர்கள் இதைக் கட்டாயம் கவனிக்கவேண்டும். அங்கே நன்றாக வேலைசெய்வது இங்கே மூலையில் நிற்கும்.

இன்னொரு எச்சரிக்கை. குவியத்தூரம் 1000 மில்லிமீற்றர் என்று எழுதியிருக்கும், ஆனால் குழாய் அரை மீற்றர் அளவில்தான் இருக்கும். நியூற்றன் தொலைகாட்டியில் குழாயின் நீளமும் குவியத்தூரமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கவேண்டும். குழாய் பாதியாக இருந்தால், உள்ளே ஒரு மலிவு வில்லையை வைத்துக் குவியத்தூரத்தை நீட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் அவற்றில் படம் கூராக வராது.

டொப்சன் தாங்கி

நமக்கு ஏற்றது டொப்சோனியன் என்று சொல்லப்படும் வகை. அதே நியூற்றன் குழாய்தான். ஆனால் முக்காலி இல்லை. தரையில் வைத்த ஒரு பலகைப் பெட்டியில் குழாய் பீரங்கி போலப் படுத்திருக்கும். இடம் வலமாகத் திருப்பலாம், மேலும் கீழும் அசைக்கலாம். அவ்வளவுதான். அகலாங்கு எதுவானாலும் வேலைசெய்யும்.

இதை உருவாக்கிய ஜோன் டொப்சனின் கதையை நம் ஆட்கள் அறியவேண்டும். 1915 இல் பீஜிங்கில் பிறந்தவர். இரசாயனவியல் படித்துவிட்டு, 1944 இல் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த வேதாந்த ஆச்சிரமத்தில் துறவியாகச் சேர்ந்தார். கையில் காசு இல்லை. பழைய கப்பல் சாளரக் கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கினார். கடதாசிக் குழாய், பிளைவூட் பலகை ஆகியவற்றைக் கொண்டு மீதியைச் செய்தார். 1967 இல் மடத்தைவிட்டு வெளியேற வேண்டி வந்தது. அடுத்த வருடம் வீதியோர வானியலாளர்கள் என்ற பெயரில் ஒரு குழுவைத் தொடங்கி, நடைபாதையில் தொலைகாட்டியை வைத்து, போவோர் வருவோருக்கெல்லாம் இலவசமாக வானத்தைக் காட்டினார். 2014 இல் காலமானார். காசில்லாத ஒருவர், காசில்லாதவர்களுக்குக் காட்டுவதற்காகச் செய்த வடிவம் இது.

150 மில்லிமீற்றர் விட்டமும் 1200 மில்லிமீற்றர் குவியத்தூரமும் கொண்ட டொப்சோனியன் ஒரு பாடசாலைக்குப் பொருத்தமான அளவு. 25 மில்லிமீற்றர் பார்வைத்துண்டில் 48 மடங்கு, 10 மில்லிமீற்றரில் 120 மடங்கு. சனியின் வளையம், வியாழனின் பட்டைகள், ஒறையன் நெபுலா எல்லாம் இதில் நன்றாகத் தெரியும். குழாயும் பெட்டியும் சேர்ந்தால் ஒருவர் தனியே தூக்கித் திரிய முடியாது. இரண்டாகப் பிரித்து இருவர் தூக்கலாம். லயத்துப் படிக்கட்டில் ஏற்றி இறக்க வேண்டியிருந்தால் 200 மில்லிமீற்றருக்கு ஆசைப்படவேண்டாம். பெரிய தொலைகாட்டி நல்லதுதான். ஆனால் இருட்டில் வெளியே தூக்கிவரப்படும் தொலைகாட்டிதான் வானத்தைக் காட்டும்.

தூக்குவது சிரமம் என்றால் 130 மில்லிமீற்றர் விட்டம், 650 மில்லிமீற்றர் குவியத்தூரம் கொண்ட மேசை டொப்சோனியன் இருக்கிறது. ஸ்கை-வாட்சரின் ஹெரிட்டேஜ் 130 அதற்கு உதாரணம். குழாயை உள்ளே தள்ளி மடக்கலாம். ஏறத்தாழ 6 கிலோ. வெளிநாட்டில் இருந்து வருபவர் பயணப்பொதியோடு கொண்டுவரக்கூடியது. 150 மில்லிமீற்றரின் 1.2 மீற்றர் குழாயை அப்படிக் கொண்டுவர முடியாது. ஆனால் மேசை உறுதியாக இருக்கவேண்டும். பிளாஸ்டிக் ஸ்டூலில் வைத்தால் மறுபடியும் ஆட்டம்தான். சீமெந்துத் திண்டு நல்லது.

டொப்சோனியனுக்கும் குறைகள் உண்டு. பூமி சுழல்வதால் கிரகம் பார்வையைவிட்டு நகரும். கையால் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். நேர் உச்சியில் உள்ளதைப் பிடிப்பது சிரமம். ஆடிகள் நேராக நிற்கின்றனவா என்று இடையிடையே பார்த்து, திருகாணிகளைச் சரிசெய்யவேண்டும். பழகினால் அது ஐந்து நிமிட வேலை.

கணினி தானே தேடிக்கொடுக்கும் தொலைகாட்டிகளும், கைத்தொலைபேசித் திரையில் படத்தைக் காட்டும் புதிய வகைகளும் இப்போது உண்டு. படம் பிடிக்க விரும்புபவர்களுக்கு அவை உதவும். அதே காசில் பாதிக்கு மேல் மோட்டாருக்கும் இலத்திரனியலுக்கும் போய்விடும். பற்றரி முடிந்தால் வேலை நின்றுவிடும். ஒரு பிள்ளையின் கண்ணுக்கும் சனிக் கிரகத்துக்கும் இடையே கண்ணாடி மட்டும் இருப்பதற்கும், திரை ஒன்று இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் வரிசையில் நின்ற பிள்ளைகளின் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

நமக்குக் கிடைத்த வானம்

மத்திய ரேகைக்கு அருகில் இருப்பது தாங்கிக்குத்தான் சிக்கல். பார்வைக்கு அது கொடுப்பினை. கிரகங்கள் நமக்குத் தலைக்கு மேலே வரும். உயரத்தில் இருக்கும்போது இடையில் உள்ள காற்று குறைவு, படம் தெளிவு. இங்கிலாந்து இராணுவ அதிகாரி பேர்சி மோல்ஸ்வேர்த் நூற்றிருபது வருடங்களுக்கு முன்னர் திருகோணமலையில் பணியில் இருந்தபடி, 12.5 அங்குல ஆடித் தொலைகாட்டியால் வியாழனைக் கவனித்தார். அந்த வருடங்களில் இங்கிலாந்தில் இருந்து பார்த்தவர்களுக்கு வியாழன் தென் அடிவானத்தை ஒட்டிக் கிடந்தது. திருகோணமலையில் அது உயர நின்றது. வியாழனின் தென்பகுதியில் நீண்டகாலம் நிலைத்த ஒரு குழப்பத்தை அவர் 1901 இல் கண்டுபிடித்தார். செவ்வாயில் உள்ள ஒரு பள்ளத்துக்கு அவருடைய பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. அவர் பார்த்த வானம் இன்றும் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு மேலே இருக்கிறது.

வடநாட்டவர் காணாத தென்வானமும் நமக்குத் தெரியும். ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் ஒன்பது மணியளவில் ஒறையன் உச்சிக்கு அருகில் நிற்கும். அதன் வாளில் உள்ள நெபுலாவை பைனாகுலரிலேயே பார்க்கலாம். தெற்கே அகத்திய நட்சத்திரம். ஏப்ரல், மே மாதங்களில் தென்சிலுவையும், பல இலட்சம் நட்சத்திரங்கள் பந்தாகத் திரண்ட ஒமேகா சென்ரோறியும். மலையகத்தின் மேற்குச் சரிவில் இருக்கும் எங்களுக்கு ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்ல காலம். மே மாதத்துக்குப் பிறகு மழையும் முகிலும். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மறுபக்கம்: வடகீழ்ப் பருவமழை முடிந்த பிறகு நீண்ட உலர்காலம், மலை மறைக்காத அடிவானம். தொலைகாட்டி வைத்திருக்க எங்களைவிட நல்ல இடம் அது.

போயா தினத்தில் வைக்கலாமா என்று கேட்பார்கள். விடுமுறை என்பதைத் தவிர அதில் நன்மை இல்லை. பூரணை நிலவில் நிழல் விழாது. பள்ளங்கள் தட்டையாகத் தெரியும். மற்ற நட்சத்திரங்களும் மங்கிவிடும். வளர்பிறையில் ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை சந்திரனைப் பார்க்க மிக நல்லது.

ஈரமும் பூஞ்சணமும்

மலையகத்தில் தொலைகாட்டியின் முதல் எதிரி ஈரம். அடுப்புப் புகையும் பனியும் சேரும் காம்பராவில் ஒரு மழைக்காலம் கிடந்தால் வில்லையில் பூஞ்சணம் நூல்போலப் படரும். பார்த்து முடிந்ததும் பனி படிந்திருந்தால் துடைக்கவேண்டாம், உடனே மூடவும் வேண்டாம். உள்ளே கொண்டுபோய், தானாகக் காய்ந்த பிறகு மூடுங்கள். பார்வைத்துண்டுகளைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஆடியின் மேலுள்ள அலுமினியப் பூச்சு மிக மெல்லியது. சாரன் முனையால் துடைத்தால் அதோடு போய்விடும். கொஞ்சம் தூசி இருப்பதால் நட்டம் இல்லை.

இன்னொன்று: இருட்டு நல்லது என்று தேயிலை மலைக்குள் தனியே போகவேண்டாம். எங்கள் பக்கத்தில் சிறுத்தை நடமாட்டம் உண்டு. பாடசாலை மைதானமோ கோயில் முற்றமோ போதும். வெளிச்சத்தை அணைத்துவிட்டு, டோர்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொண்டால் கண் இருட்டுக்குப் பழகியபடியே இருக்கும்.

யார் பார்க்கப்போகிறார்கள்?

இதை வெளிநாட்டு வழிகாட்டிகளில் காணமாட்டீர்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1977 கலவரத்துக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் பாதி வன்னிக்குப் போனது. என் அக்கா கிளிநொச்சியில் வாழ்ந்து, 2009 வரை எல்லாவற்றையும் கண்டவர். யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு எங்களிடம் வந்திருந்தார். ஒரு பெப்ரவரி இரவு தொலைகாட்டியை முற்றத்தில் வைத்திருந்தேன். நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு வெளிச்சப் புள்ளி நகர்ந்தது. அக்கா பேச்சை நிறுத்திவிட்டார். "அது சட்டிலைட் அக்கா" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வேவு விமானத்தை வன்னியில் வண்டு என்பார்கள். அதன் இரைச்சலைத்தான் அவர் தேடினார். சத்தம் இல்லை என்று உறுதியான பிறகுதான், "சரி, காட்டு" என்று கிட்ட வந்தார்.

அன்றிலிருந்து சில விடயங்களைப் பழக்கமாக்கிக்கொண்டேன். பார்வை தொடங்க முன்னர், பொழுதுபட்டு ஓரிரு மணிநேரத்துக்குச் செய்மதிகள் நகர்வது தெரியும் என்று எல்லோருக்கும் சொல்லிவிடுவேன். வானத்தைச் சுட்டிக்காட்ட லேசர் கற்றை பாவிப்பதில்லை. திடீரென்று வெளிச்சத்தைப் போடுவதில்லை. பார்க்க விரும்பாதவரை வற்புறுத்துவதில்லை. அவர்கள் தூர இருந்து கதை கேட்டாலும் போதும். வடக்கு, கிழக்கில் இரவில் ஆட்களைக் கூட்டி, குழாய் போன்ற ஒன்றை வெளியே வைப்பதானால், கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் முன்கூட்டியே எழுத்தில் அறிவித்துவிடுங்கள். பாடசாலை அதிபரின் கடிதம் ஒன்றையும் கையில் வைத்திருங்கள். பிள்ளைகளின் முன்னால் விசாரணை நடக்கக்கூடாது.

தெரிவு செய்யும்போது உடலையும் நினைக்கவேண்டும். 150 மில்லிமீற்றர் டொப்சோனியனின் பார்வைத்துண்டு, குழாய் நிமிர்ந்திருக்கும்போது தரையில் இருந்து ஒரு மீற்றருக்கும் மேலே இருக்கும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் காலை இழந்தவருக்கும் அது எட்டாமல் போகலாம். மேசை டொப்சோனியனும், இருந்து பார்க்கக்கூடிய வில்லைத் தொலைகாட்டியும் அவர்களுக்கு வசதி. ஒரு கண்ணை இழந்தவருக்குத் தொலைகாட்டியில் எந்தக் குறையும் இல்லை. எல்லோருமே ஒற்றைக் கண்ணால்தான் பார்க்கிறோம்.

சூரியன்

ஒரு போதும் தொலைகாட்டியாலோ பைனாகுலராலோ சூரியனைப் பார்க்கக்கூடாது. ஒரு கணத்தில் பார்வை போய்விடும். மலிவுத் தொலைகாட்டிகளோடு பார்வைத்துண்டில் திருகும் கறுப்புக் கண்ணாடி ஒன்று வரும். குவிந்த வெப்பத்தில் அது வெடிக்கலாம். அதை அன்றே உடைத்து எறியுங்கள். குழாயின் முன்வாயை முழுவதும் மூடும், சூரியனுக்கென்றே செய்த வடிகட்டி மட்டும்தான் பாதுகாப்பானது.

2010 ஜனவரி 15 அன்றும் 2019 டிசம்பர் 26 அன்றும் வடக்கில் கங்கணச் சூரிய கிரகணம் தெரிந்தது. முதலாவது வந்தபோது யுத்தம் முடிந்து எட்டு மாதம்தான். பலர் முகாம்களில் இருந்தார்கள். இரண்டாவது, சுனாமி நினைவு நாளிலேயே வந்தது. அடுத்த கங்கணக் கிரகணம் 2031 மே 21 அன்று தென்னிந்தியாவையும் இலங்கையின் வடபகுதியையும் தொட்டுச் செல்லும். இன்று தரம் 5இல் உள்ள பிள்ளைகள் அதற்குள் வளர்ந்துவிடுவார்கள். வடக்கில் உள்ள பாடசாலைகள் இப்போதே ஆயத்தமாகலாம்.

சுருக்கமாக

தனி ஒருவர், காசு குறைவு: 10×50 பைனாகுலர். வீட்டுக்கு ஒன்று, தூக்குவது சுலபமாக இருக்கவேண்டும்: 130 மில்லிமீற்றர் மேசை டொப்சோனியன். ஈரமான இடம், பராமரிக்க நேரமில்லை, இருந்து பார்க்க விருப்பம்: உறுதியான முக்காலியோடு 80 அல்லது 90 மில்லிமீற்றர் வில்லைத் தொலைகாட்டி. பாடசாலை, சனசமூக நிலையம், கோயில்: 150 மில்லிமீற்றர் டொப்சோனியன். இவை எதற்கும் காசு போதாது என்றால் பொறுத்திருங்கள், சேருங்கள், ஐந்து குடும்பம் சேர்ந்து ஒன்று வாங்குங்கள். ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காகவே 2021 வரை போராட வேண்டியிருந்த சனம் நாங்கள். ஒரு முறைதான் வாங்க முடியும் என்பவர்கள் பிழையாக வாங்கக்கூடாது.

வெளிநாட்டில் இருந்து அனுப்புபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கருவியோடு, அதைப் பழக்குவதற்கு ஒருவரையும் தேடிக்கொடுங்கள். ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருள் எந்த இரவில் எது எங்கே நிற்கும் என்று காட்டும். ஓர் ஆசிரியரும் இரண்டு உயர்தர மாணவர்களும் பழகிவிட்டால் தொலைகாட்டி அலுமாரிக்குள் போகாது.

இப்போது எங்கள் முற்றத்தில் 150 மில்லிமீற்றர் டொப்சோனியன் ஒன்று நிற்கிறது. பிள்ளைகளிடம் "தெரியுதா?" என்று நான் கேட்பதில்லை. கேட்டால் "தெரியுது சேர்" என்றுதான் சொல்வார்கள். கையில் ஒரு கடதாசியையும் பென்சிலையும் கொடுத்து, கண்டதை வரையச் சொல்கிறேன். சென்ற ஜனவரியில் ஒரு பையன் வட்டம் ஒன்று போட்டு, ஒரு பக்கம் மூன்று புள்ளி, மறுபக்கம் ஒரு புள்ளி வைத்தான். அடுத்த நாள் இரவு மறுபடி வந்து பார்த்துவிட்டு, "சேர், புள்ளி இடம் மாறியிருக்கு. நேத்து நான் பிழையா வரைஞ்சிட்டனா?" என்று கேட்டான்.

பிழை இல்லை என்று சொன்னேன். அவை வியாழனைச் சுற்றுகின்றன, கலிலியோவும் இதைத்தான் கடதாசியில் கண்டார் என்று சொன்னேன். அவன் மூன்றாம் நாளும் வந்தான்.